சட்டையோடு சேற்றில் இறங்கினவன்

எனக்குப் பதினான்கு வயது நடந்தபோது மார்பு வீங்கத் தொடங்கியது. நான் ஆண்பிள்ளை. முதலில் இடது பக்கம் புளியங்கொட்டை அளவுக்குக் கெட்டியாக ஏதோ உருண்டது, தொட்டால் வலித்தது. பிறகு வலது பக்கமும் வந்தது. அடுத்த அறுவடைக்குள் இரண்டு பக்கமும் மேடாகிவிட்டது. மற்ற இடமெல்லாம் எலும்புதான். பழைய சோறும் வெங்காயமுமாக வளர்ந்த உடம்பில் வேறு எங்கும் சதை கிடையாது. அங்கே மட்டும் அது ஏன் வந்து உட்கார்ந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த வயதில் நிறையப் பையன்களுக்கு அப்படி வருவதுதான், தானாகப் போய்விடும் என்று இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள். அப்போது எங்கள் தெருவில் அதைச் சொல்ல ஆள் இல்லை. ஏதோ பெரிய பாவம் செய்ததால் வந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். என்ன பாவம் என்று தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

எங்கள் பக்கம் ஆண்பிள்ளை சட்டை இல்லாமல்தான் இருப்பான். வயலில் கோவணம், வீட்டில் துண்டு. மறைப்பதற்கு வழியே கிடையாது. அந்தச் சமயம் பார்த்து டூரிங் கொட்டகையில் புதுப்படம் வந்தது. கத்தியைப் பிடித்துக்கொண்டு, மார்பை அகல விரித்து நிற்கிற கதாநாயகனின் போஸ்டரை மதகுச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். எங்கள் வயசுப் பையன்கள் எல்லாரும் வாய்க்காலில் குளித்துவிட்டு அந்தப் போஸ்டருக்கு எதிரே நின்று மூச்சை இழுத்துப் பிடிப்பார்கள். என் தாய்மாமன் மகன் ஒருவன், என்னைவிட ஒரு வயது மூத்தவன், வாழைநாரை வைத்து எல்லாருக்கும் மார்பு அளவு எடுப்பான். முடிச்சுப் போட்டு, யாருடைய நார் நீளம் என்று பந்தயம். அன்றைக்கு என் முறை வந்தது. நாரைச் சுற்றியவன் கையை எடுத்துவிட்டு ஒரு தடவை உற்றுப் பார்த்தான்.

"மச்சான், ஒன்கிட்ட ஆழாக்குப் பால் கறக்கலாம் போலருக்கே."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் அந்த வாய்க்காலில் குளிக்கப் போகவில்லை. பால்மாடு என்று பெயர் வைத்துவிட்டார்கள். வழியில் பார்த்தால் ஒருவன் மாடு மாதிரிக் கத்துவான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். அங்கே போட்டுப் போன சட்டை ஒன்று இருந்தது. அம்மாவின் கிழிந்த சேலையில் ஒரு பட்டை கிழித்து மார்பில் இறுக்கிக் கட்டி, அதற்கு மேல் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். வெயிலில் வேர்க்குரு வந்து, உடைந்து, புண்ணாகிவிட்டது.

அம்மா ஒருநாள் பார்த்துவிட்டாள். கத்தவில்லை. வேப்பிலையை அரைத்துப் புண்ணில் போட்டாள். ஆத்தாகிட்ட வேண்டிக்கடா, அவ இருக்குறப்ப என்ன பயம் என்றாள். எங்கள் தெருவுக்கு ஒரு காளியம்மன் கோயில் உண்டு. அப்போது கீற்றுக் கொட்டகைதான். நான் தனியாகப் போய், ஆடி மாசத்துக்குள் இது வற்றிவிட்டால் உனக்குத் தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வேறு எதையும் நான் அவளிடம் அவ்வளவு அழுத்தமாகக் கேட்டதில்லை.

ஆற்றில் தண்ணீர் வந்து குறுவை நடவு தொடங்கியது. அப்பா மிராசுதாரின் பண்ணையாள். எனக்கும் அங்கேதான் வேலை. பறித்துக் கட்டிய நாற்றுமுடிகளைத் தூக்கிக்கொண்டு போய், நடுகிற பெண்களுக்குப் பின்னால் வீசிக்கொண்டே போக வேண்டும். முதல் நாள் சட்டையோடு சேற்றில் இறங்கினேன்.

இதில் உள்ள விவகாரம் வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது. எங்கள் ஆட்கள் மிராசுதார் வயலில் சட்டை போடக்கூடாது. சட்டத்தில் அப்படி எழுதவில்லை, யாரும் போட்டதில்லை. அப்பா வயசு ஆட்கள், மிராசுதார் எதிரே வந்தால் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். ஆட்சி மாறி, ஊர் முழுக்கக் கறுப்பும் சிவப்புமாகக் கொடி பறந்த காலம். எல்லாரும் சமம் என்று டவுனில் மேடை போட்டுப் பேசினார்கள். ஒருபக்கம் கூலி உயர்வு கேட்டுச் செங்கொடிச் சங்கம் ஊர் ஊராகக் கூட்டம் போட்டது. குடியிருக்கும் மனை நமக்கே சொந்தமாகப் போகிறது என்றுகூடப் பேச்சு. எங்கள் வரப்பில் மட்டும் துண்டு இடுப்பிலேயே இருந்தது. அது எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அந்த நினைப்பே எனக்கு இல்லை. மார்பை மறைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மிராசுதாரின் காரியக்காரர் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் வந்தார். பண்ணையில் ஆள் வைப்பதும் வேலை வாங்குவதும் அவர் கையில். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"என்னடா இது, சட்டை? தாசில்தார் ஆபீசுக்கு வந்தியா, வயலுக்கு வந்தியா?"

நடுகிற பெண்கள் சிரித்தார்கள். நான் நாற்றுமுடியைக் கையில் வைத்தபடி நின்றேன்.

"கழட்டி வரப்புல வச்சிட்டு எறங்கு."

"மாட்டேங்க."

எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. அவரிடம் எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவ்வளவு பெண்களுக்கு முன்னால் சட்டையைக் கழற்றுவதை நினைத்தால் வந்த பயத்துக்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை.

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். யாரும் இல்லீங்க என்றேன். அது சத்தியம். அவர் நம்பவில்லை. சங்கத்துக்காரர்கள்தான் சின்னப் பையனை முன்னால் விட்டு ஆழம் பார்க்கிறார்கள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். வரப்பு வெட்டிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்து, பயலை வீட்டுக்கு அனுப்பு, சட்டையைக் கழற்றுகிற அன்றைக்கு வரட்டும் என்றார். அப்பா மண்வெட்டியைக் கழுவித் தோளில் வைத்துக்கொண்டு என்னோடு வரப்பில் ஏறினார். அரை நாள் கூலி போயிற்று. வழியில் ஒரே ஒரு தடவை, ஏன்டா கழட்டல என்று கேட்டார். கழட்ட மாட்டேம்பா என்றேன்.

சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சங்கத்தின் கிளைத் தலைவர் எங்கள் தெருக்காரர்தான். எல்லாரும் தோழர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் என் முதுகில் தட்டினார். எங்க யாருக்கும் வராத துணிச்சல் இந்தப் பயலுக்கு வந்துருக்கு என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். நிமிர்ந்தபோது கூட்டத்துக்குப் பின்னால் என் மாமன் மகன் நின்றான். அவனுக்கு மட்டும்தான் காரணம் புரிந்திருந்தது. பல் முழுக்கத் தெரிய இளித்தான். இப்போதே வாயைத் திறந்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் அவன் வயலுக்குச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். அவன் அப்பாவின் கல்யாணச் சட்டை. கை விரல் நுனிவரை தொங்கியது. அவனைப் பார்த்து மற்றப் பையன்கள், பிறகு கல்யாணமான ஆட்கள் சிலர். சட்டை இல்லாதவர்கள் துண்டைத் தோளிலேயே போட்டுக்கொண்டார்கள். காரியக்காரர் ஒருத்தரையும் வயலில் இறங்கவிடவில்லை. பெண்களும் கரையேறினார்கள். சங்கம் கூலிக் கோரிக்கையையும் இதோடு சேர்த்துக்கொண்டது. வேலைநிறுத்தம் என்று ஆகிவிட்டது.

நடவு நேரத்தில் வேலை இல்லாமல் போனால் எங்கள் தெருவில் அடுப்பு எரியாது. அம்மா வரப்பில் நண்டு பிடித்தாள், வாய்க்கால் ஓரத்தில் கீரை பறித்தாள். இரண்டாவது வாரம் வயசானவர்கள் முணுமுணுத்தார்கள். கூலிக்கென்றால் சரி, சின்னப்பயல் சட்டைக்காகத் தெருவே பட்டினி கிடக்கணுமா என்று ஒருவர் என் காதில் விழும்படி கேட்டார். அவர் கேட்டதில் தப்பு இல்லை. என் பக்கத்து வீட்டில் கைக்குழந்தை அழுதுகொண்டே இருந்தது. நான் சட்டையைக் கழற்றிவிட்டுப் போய் நின்றால் மறுநாளே எல்லாருக்கும் வேலை. உண்மையைச் சொன்னாலோ, ஊர் சிரித்தே இந்தச் சண்டையை முடித்து எங்களை வயலில் இறக்கிவிடும். எது செய்தாலும் என் மார்பு வெளியே வந்தாக வேண்டும்.

மாமன் மகன் என்னைத் தேடி வந்தான். வாய்க்கால் கரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கல்யாணச் சட்டைக்குள் கையை விட்டுச் சொறிந்துகொண்டான்.

"சொல்லிடவா மச்சான்?"

"சொல்லிக்க."

"சொன்னா என்னடா பண்ணுவ?"

"சொன்னாலும் கழட்ட மாட்டேன்."

அவன் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு, இந்தச் சட்டை ஒடம்பெல்லாம் அரிக்குதுடா என்றான். "ஆனா இதப் போட்டுக்கிட்டு அந்தாளு முன்னால போயி நின்னப்ப அவரு மொகம் போன போக்கு இருக்கே. அத இன்னும் ரெண்டு தடவையாச்சும் பாக்கணும் எனக்கு."

அவன் எழுந்து போனபிறகு நான் கோயிலுக்குப் போனேன். அம்மனுக்கு முன்னால் உட்கார்ந்து சட்டையின் மேல் பொத்தானை அவிழ்த்தேன், திரும்பப் போட்டேன். எதற்காகப் போட்டேன் என்பது எனக்கும் அவளுக்கும் உள்ள விஷயம். கழற்றச் சொல்வதற்கு அந்த மனிதருக்கு என்ன பாத்தியதை? முதல் நாள் வெட்கத்தில் மாட்டேன் என்று சொன்னேன். இப்போது தெரிந்தே சொல்கிறேன், மாட்டேன். தெருவுக்கே பசிக்கிறது, எனக்கும் பசிக்கிறது, தாயே, தாங்குகிற பலத்தைக் கொடு என்று கேட்டேன். விபூதியைப் பூசிக்கொண்டு எழுந்தபோது மனசு கல் மாதிரி இருந்தது. கெட்ட கல் இல்லை, அஸ்திவாரக் கல்.

நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. முற்றின நாற்றை நட்டால் விளையாது. அந்தக் கவலை மிராசுதாருக்கு. மானாவாரிப் பக்கத்திலிருந்து ஒரு லாரி நிறைய ஆள் கொண்டுவந்து இறக்கினார் காரியக்காரர். போலீஸ் வேனும் வந்து நின்றது. எங்கள் தெரு முழுவதும் போய்க் கரையில் நின்றோம். அடிதடியாகிவிடும் என்று நினைத்து அப்பா பக்கத்தில் போய் நின்றேன்.

லாரியிலிருந்து இறங்கின ஆண்கள் அத்தனை பேரும் சட்டை போட்டிருந்தார்கள். சிலர் பனியன். அவர்கள் ஊரில் அப்படித்தானாம்; வேலைக்குப் போகிறவன் சட்டையோடு போவான், அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அவர்கள் பாட்டுக்கு வேட்டியை மடித்துக் கட்டி நாற்றங்காலில் இறங்கினார்கள். எங்கள் பக்கம் எல்லாரும் அந்தச் சட்டைகளையே பார்த்தோம். என் அத்தைதான் ஆரம்பித்தாள். மாமன் மகனைப் பெற்றவள், அவன் வாய் எங்கிருந்து வந்தது என்று கேட்கவே வேண்டாம்.

"ஐயா, அவுங்களயும் கழட்டச் சொல்லுங்க. ஒங்க வயலு அழுக்காயிடப் போவுது."

கரை முழுக்கச் சிரிப்பு. போலீஸ்காரர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வந்தவர்களில் தலையாளாக இருந்தவர் என்ன விஷயம் என்று கேட்டார். தோழர் கரையிலிருந்தே சொன்னார். அந்த ஆள் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார், என் சட்டையைப் பார்த்தார். தன் ஆட்களோடு ஏதோ பேசினார். ஒவ்வொருவராக நாற்றங்காலை விட்டு ஏறி வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். காரியக்காரர் குடையை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். அன்று நடவு நடக்கவில்லை.

மறுநாள் காலையில் வேலைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. கூலி கேட்டதில் பாதிதான் ஏறியது. அதற்கு இன்னும் பல வருஷம் சண்டை இருந்தது. சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் சட்டையோடு நாற்றுமுடி வீசினேன். யாரும் கேட்கவில்லை.

ஆடி வந்தது. மார்பு வற்றவில்லை. தினமும் விடிந்ததும் தடவிப் பார்ப்பேன், அப்படியேதான் இருந்தது. அம்மா சொன்னாள், கேட்டதை ஆத்தா இன்னும் கொடுக்கவில்லையே, தீ மிதிப்பதை அடுத்த வருஷம் வைத்துக்கொள்ளலாம் என்று. கணக்குப்படி அது சரிதான். ஆனால் பட்டினி கிடந்தபோது தாங்குகிற பலம் கேட்டேன், கொடுத்தாளே. கேட்டதில் ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒன்றை வைத்துக்கொண்டாள் என்பதற்காக நான் பின்வாங்கினால் அது பேரம் பேசுவது மாதிரி இருந்தது. காப்புக் கட்டிக்கொண்டேன்.

இப்போது என் பேரன் தஞ்சாவூரில் ஜிம்முக்குப் போகிறான். டப்பாவில் பவுடர் வாங்கிக் குடிக்கிறான். செல்போனில் தன்னைப் படம் எடுத்து, பார்த்து, அழித்து, மறுபடி எடுக்கிறான். கிண்டல் செய்ய எனக்கு வாய் வராது. அவன் அந்தப் படத்தைப் பார்க்கிற பார்வை எனக்குத் தெரிந்த பார்வைதான்.

தீமிதி அன்று காப்புக் கட்டினவர்கள் எல்லாரும் ஆற்றில் முழுகி, ஈர மஞ்சள் வேட்டியோடு கரகத்துக்குப் பின்னால் வர வேண்டும். மேலுக்குத் துணி கூடாது. முந்தின நாளே மாமன் மகன் ஒரு யோசனை சொன்னான். சந்தனத்தைக் கெட்டியாக அப்பிக்கொண்டு, பெரிய மாலையாகப் போட்டுக்கொள். யாருக்கும் தெரியாது என்றான். கிண்டலுக்குச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னான். வேண்டாம் என்றேன்.

ஆற்றங்கரையில் ஊரே நின்றது. தெருவுக்குப் பொதுவாக மிராசுதார் வீட்டிலிருந்து தேங்காய் பழத்தட்டு வருவது வழக்கம். அதைக் கொண்டுவந்த காரியக்காரரும் கரையில் நின்றார். நான் பொத்தான்களை அவிழ்த்தேன். சட்டையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தேன். துணிப்பட்டையை அவிழ்த்து ஆற்றில் விட்டேன், மிதந்து போயிற்று. திரும்பி, கரையைப் பார்த்தபடி நின்றேன்.

கரை முழுக்க என் மார்பைப் பார்த்தது. பிறகு பையன்கள் பக்கம் ஒரு சிரிப்புக் கிளம்பியது. பெண்களில் ஒருத்தி, பாவம் என்றாள்; எனக்குச் சிரிப்பைவிட அது சுட்டது. தோழர் முகத்தில் கணக்கு ஒன்று ஓடி முடிவதைப் பார்த்தேன். காரியக்காரருக்கும் விளங்கிவிட்டது.

"அடப்பாவி, இதுக்குத்தானாடா அன்னிக்குக் கழட்ட மாட்டேன்ன? நானும் என்னமோ ஏதோன்னு நெனச்சேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாவின் குரல் கேட்டது. அவர் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். அவரும் அப்போதுதான் பார்க்கிறார்.

"எதுக்கா இருந்தா ஒங்களுக்கு என்னங்க? அவன் சட்ட, அவன் ஒடம்பு."

அப்பா அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. சத்தமாகக்கூடப் பேசவில்லை, ‘ங்க’ போட்டுத்தான் பேசினார். காரியக்காரர் தட்டை வேறு கைக்கு மாற்றிக்கொண்டார். தப்பட்டை அடிக்கிறவர்கள் அதற்காகவே காத்திருந்த மாதிரி அடிக்கத் தொடங்கினார்கள். நான் முழுகி எழுந்தேன்.

கோயிலுக்கு நடந்து வந்த தூரம்தான் கஷ்டம். இருபக்கமும் ஆட்கள். கையைத் தூக்கி மார்பில் வைத்துக்கொள்ளத் துடித்தது. வேப்பிலையை இரண்டு கையிலும் பிடித்து, கைகளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டேன். பார்க்கிறவன் பார்க்கட்டும். இந்த உடம்பைக் கொடுத்தவள் முன்னால் இதே உடம்போடுதான் போகிறேன். நெருப்புக்கு முன்னால் வந்தபோது அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. ஆத்தா என்று கூப்பிட்டுக்கொண்டு இறங்கினேன். உள்ளங்காலில் சூடு ஏறியது, முகத்தில் அனல் அடித்தது, அந்தப் பக்கம் பால் ஊற்றி வைத்த குழியில் கால் வைத்தபோது மண் குளிர்ந்திருந்தது. கால் சுடவில்லை. அது அவள் செயல். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை.

கிண்டல் உடனே நின்றுவிடவில்லை. அந்த வருஷம் முழுக்கப் பால்மாடு என்றுதான் கூப்பிட்டார்கள். நான் திரும்பிப் பார்த்து, என்ன என்று கேட்பேன். கேட்டால் பாதிப் பேருக்கு அடுத்த வார்த்தை வராது. மாமன் மகனுக்கு மட்டும் வரும். அவனோடு சரிக்குச் சரி பேசிச் சண்டை போடுவேன். வீக்கம் இரண்டு மூன்று வருஷத்தில் தானாக வற்றியது. எப்போது வற்றியது என்று நான் கவனிக்கவில்லை.

தீமிதிக்கு மறுநாள் களை பறிக்கிற வேலை இருந்தது. கொடியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டினேன். அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துவிட்டு, ஊரே பாத்தாச்சு, இன்னும் எதுக்குடா இந்த வெயில்ல என்றாள்.

"ஆத்தா முன்னால கழட்டணும்னு தோணுச்சு, கழட்டுனேன். வயலுக்குப் போட்டுக்கிட்டுத்தாம்மா போவேன்."

அப்பா வாசலில் காத்திருந்தார். துண்டு தோளில் இருந்தது. இரண்டு பேருமாக வரப்பில் நடந்து வயலில் இறங்கினோம். கொஞ்ச நேரத்தில் காரியக்காரர் வந்தார். குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து ஆட்களை எண்ணிக்கொண்டே வந்தார். என்னிடம் வந்து ஒரு கணம் நின்றார். என்னையும் ஓர் ஆளாக எண்ணிக்கொண்டு அடுத்த வயலுக்குப் போனார்.